மாத்திரையா, ஊசியா, காப்பர் டியா: நம்ம ஹார்மோன எது எவ்ளோ தொடுது?

"ஹார்மோன் கம்மியா இருக்குற கருத்தடை மாத்திரை எது, அத மட்டும் சொல்லு போதும்"னு என்கிட்ட கேக்காத தோழியே இல்ல. கேள்வில தப்பில்ல, ஆனா அதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. வெளிய இருந்து எவ்ளோ ஹார்மோன் உள்ள போகுதுங்கறது ஒண்ணு, அது போனதால நம்ம ஓவரி, அதாவது சினைப்பை, சொந்தமா சுரக்குறது எவ்ளோ அடங்கிப்போகுதுங்கறது இன்னொண்ணு. பெரும்பாலும் எல்லாரும் முதல் கேள்விய மட்டும் பாத்துட்டு முடிவெடுத்துடுறோம், அங்கதான் சிக்கலே. ஏன்னா எஸ்ட்ரோஜனே இல்லாத ஒரு முறைதான் எலும்பக் கரைக்குது, ஹார்மோனே இல்லாத ஒரு முறையில பீரியட்ஸ் படுத்தி எடுக்குது.

நான் டாக்டர் இல்ல. ரெண்டு முறைய நானே பயன்படுத்தியிருக்கேன், மத்தத தேடித் தேடிப் படிச்சிருக்கேன், அவ்ளோதான். பிபி, மைக்ரேன், தைராய்டு மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட பேசிட்டுதான் முடிவு பண்ணணும், இத படிச்சிட்டு நேரா மெடிக்கல் ஷாப் போயிடாதீங்க.

முதல்ல, உள்ள என்னதான் நடக்குது

மாத்திரை எதுவும் போடாத மாசத்துல மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச்ங்கற ஹார்மோன அனுப்பும், ஓவரில முட்டை வளரும், வளர வளர எஸ்ட்ரோஜன் ஏறும், நடு மாசத்துல எல்எச்ங்கற இன்னொரு ஹார்மோன் திடீர்னு எகிறும், முட்டை வெளிய வரும், அப்புறம் ப்ரொஜெஸ்ட்ரோன் ஏறும், கரு தங்கலன்னா ரெண்டும் சடார்னு இறங்கி பீரியட்ஸ் வரும். மாத்திரை போட்டா என்ன ஆகும்னா, ரத்தத்துல ஏற்கனவே ஹார்மோன் சுத்திட்டு இருக்குறத மூளை பாத்துட்டு சரி போதும்னு எஃப்எஸ்எச், எல்எச் ரெண்டையும் குறைச்சிடும். எல்எச் எகிறல, முட்டை வரல, கதை முடிஞ்சது.

இதுல ரெண்டு தப்பான பேச்சு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. ஒண்ணு, மாத்திரை போட்டா உடம்புல ஹார்மோன் ஏறிப்போயிடும்னு. உண்மையில நம்ம சொந்த எஸ்ட்ரோஜன் பீரியட்ஸ் ஆரம்ப நாள் அளவுலயே கீழ நிக்கும், சொந்த ப்ரொஜெஸ்ட்ரோன் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, அந்த இடத்த செயற்கை ஹார்மோன் பிடிச்சுக்கும். இன்னொண்ணு, உடம்பு கர்ப்பம்னு ஏமாந்துடும்ங்கறது. கர்ப்பத்துல இந்த ரெண்டு ஹார்மோனும் பல மடங்கு ஏறும், இங்க சொந்த அளவு இறங்கில்ல கிடக்கு, எப்படி ரெண்டும் ஒண்ணாகும்?

மாத்திரை இல்லாத ஏழு நாள்ல வர்றது பீரியட்ஸே கிடையாது. செயற்கை ஹார்மோன் நின்னதும் கர்ப்பப்பை உள்பூச்சு உதிருறது, அவ்ளோதான். அதனால "மாத்திரை போட்டா சைக்கிள் ரெகுலர் ஆயிடுச்சு"ன்னு சொல்றதே சரியில்ல, சைக்கிள் நின்னுபோச்சு, காலண்டர்தான் ரெகுலர்.

எத வச்சு எடை போடுறது

நான் பாக்குறது இவ்ளோதான். ஓவரி முழுசா தூங்குதா, பாதி தூங்குதா, முழிச்சிட்டு இருக்கா. எஸ்ட்ரோஜன் உள்ள போகுதா இல்லையா, ஏன்னா ரத்தம் உறையுற ரிஸ்க்கு பெரும்பாலும் அதோட சேர்ந்து வர்றது. மறந்தா எவ்ளோ மன்னிக்கும். நிறுத்தினா நம்ம ஹார்மோன் எப்போ திரும்பும். கடைசியா யாருமே சொல்லாத மறைமுக செலவு, அதாவது ரத்தப் பரிசோதனையில குழப்பம், வேற மருந்தோட மோதல், எலும்பு, ரத்தசோகை இதெல்லாம். மறக்குறத எல்லாம் சேர்த்து, ஒரு வருஷம் நிஜ வாழ்க்கையில பயன்படுத்துற 100 பேர்ல எத்தன பேருக்கு முறை தவறி கரு தங்கிடுதுங்கறதையும் பக்கத்துல போட்டிருக்கேன்.

| முறை | ஓவரி | எஸ்ட்ரோஜன் உள்ள போகுதா | 100 பேர்ல தவறுறது | நிறுத்தினா |
|---|---|---|---|---|
| ரெண்டு ஹார்மோன் மாத்திரை | தூங்கும் | ஆமா | சுமார் 7 | 1 முதல் 3 மாசம் |
| ஒத்த ஹார்மோன் மாத்திரை | வகைய பொறுத்து | இல்ல | சுமார் 7 | சீக்கிரமே |
| மூணு மாச ஊசி | ஆழ்ந்து தூங்கும் | இல்ல | சுமார் 4 | ரொம்ப லேட் |
| கையில வைக்கிற குச்சி | முட்டை வராது, எஸ்ட்ரோஜன் ஓரளவு இருக்கும் | இல்ல | 1க்கும் கீழ | சில வாரம் |
| ஹார்மோன் லூப் | பெரும்பாலும் முழிச்சிருக்கும் | இல்ல | 1க்கும் கீழ | உடனே |
| காப்பர் டி | தொடவே தொடாது | இல்ல | 1க்கும் கீழ | உடனே |

ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை

பொதுவா மாத்திரைன்னு எல்லாரும் சொல்றது இததான். எத்தினைல் எஸ்ட்ரடியால்னு ஒரு செயற்கை எஸ்ட்ரோஜன், கூட ப்ரொஜெஸ்டின்னு சொல்ற செயற்கை ப்ரொஜெஸ்ட்ரோன் ஏதாவது ஒண்ணு. 1960ல அமெரிக்காவுல முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சப்போ அதுல 150 மைக்ரோகிராம் எஸ்ட்ரோஜன், 10 மி.கி. கிட்ட ப்ரொஜெஸ்டின் இருந்துச்சு. இன்னைக்கு பெரும்பாலும் 20ல இருந்து 35 மைக்ரோகிராம். பாட்டி காலத்து பயமுறுத்தல் கதையெல்லாம் அந்த பழைய டோஸ்ல இருந்து வந்தது, அத இன்னைக்கு மாத்திரைக்கு அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

இந்த மாத்திரையோட பெரிய வேலை கல்லீரல்ல நடக்குது, இத யாரும் பேசுறதில்ல. வாய் வழியா போற எஸ்ட்ரோஜன் கல்லீரல உசுப்பி எஸ்எச்பிஜின்னு ஒரு புரோட்டீன நிறைய தயாரிக்க வைக்கும். அது ரத்தத்துல சுத்துற டெஸ்டோஸ்டீரோன்ங்கற ஆண் ஹார்மோன பிடிச்சு வச்சுக்கும், கூடவே ஓவரியும் டெஸ்டோஸ்டீரோன் சுரக்குறத குறைச்சுக்கும், ஆக கட்டுப்படாம சுதந்திரமா திரியுற டெஸ்டோஸ்டீரோன் பாதிக்கும் கீழ இறங்கிடும். முகப்பரு குறையுறது, தேவையில்லாத முடி வளர்றது குறையுறது, நீர்க்கட்டி பிரச்சனைன்னு சொல்ற பிசிஓஎஸ் இருக்குறவங்களுக்கு இத எழுதிக் குடுக்குறது எல்லாம் இதனாலதான். அதே காரணத்தால சிலருக்கு ஆசை குறைஞ்ச மாதிரி இருக்கும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது, சிலருக்கு கர்ப்ப பயம் போனதால கூடவும் செய்யும்.

எந்த ப்ரொஜெஸ்டின்ங்கறதும் முக்கியம். லெவோநார்ஜெஸ்ட்ரல் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சாயல் உள்ளது, பருவுக்கு அவ்ளோ தோதில்ல, ஆனா ரத்தம் உறையுற விஷயத்துல பரவால்ல. ட்ராஸ்பைரினோன் ஸ்பைரனோலாக்டோன்ங்கற நீர் மாத்திரையோட சொந்தக்காரன், உப்பு நீர் தேங்குறத குறைக்கும், ஆண் ஹார்மோன தடுக்கும், பருவுக்கு நல்லது, ஆனா பொட்டாசியத்த ஏத்தும், உறைதல் ரிஸ்க்கும் கொஞ்சம் கூட. ஐரோப்பிய மருந்து அமைப்பு குடுத்த கணக்கு இது: எந்த ஹார்மோனும் எடுக்காம, கர்ப்பமாவும் இல்லாத 10,000 பெண்கள்ல வருஷத்துக்கு சுமார் 2 பேருக்கு ரத்தக் கட்டி வரும், லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை போட்டா 5ல இருந்து 7, ட்ராஸ்பைரினோன்னா 9ல இருந்து 12. கர்ப்பத்துலயும் பிரசவத்துக்கு அப்புறமும் இந்த ரிஸ்க் இதவிட அதிகம்ங்கறதயும் சேர்த்துதான் பாக்கணும். "வாயில போடல, அதனால சேஃப்"னு ஒட்டுற பேட்ச், வைக்கிற ரிங் பக்கம் போறவங்க இருக்காங்க, அதுலயும் எஸ்ட்ரோஜன்தான், உறைதல் ரிஸ்க் அதுக்காக குறையாது.

யாருக்கு இது வேணவே வேணாம்னா, 35 தாண்டி சிகரெட் பிடிக்கிறவங்க, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க, முன்னாடியே ரத்தக் கட்டி வந்தவங்க, குழந்தை பொறந்து முதல் 6 வாரத்துல பால் குடுக்குறவங்க, அப்புறம் மைக்ரேன் வர்றதுக்கு முன்னாடி கண்ணு முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சக் கோடு தெரியுறவங்க. இந்த கடைசி ஆளுங்கதான் அதிகம் டாக்டர் கவனத்துக்கு வராமப் போறது, ஏன்னா தலைவலி இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லுவாங்க, கண்ணுல கோடு தெரியுதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஸ்ட்ரோக் ரிஸ்க் கூடும், கேக்கலன்னாலும் நீங்களா சொல்லிடுங்க.

இப்ப என் கதை. ரொம்ப சோர்வா இருக்குன்னு டெஸ்ட் எடுத்தப்போ காலைல எடுத்த கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எகிறி இருந்துச்சு, அத சுரக்குற அட்ரீனல் சுரப்பில கட்டியா இருக்குமோன்னு ரெண்டு வாரம் தூக்கமே இல்ல. ஸ்கேன் வரைக்கும் பேச்சு போச்சு. அப்புறம் இன்னொரு டாக்டர் சாதாரணமா "கருத்தடை மாத்திரை போடுறீங்களா"ன்னு கேட்டாங்க. முதல்ல பாத்தவர் கேக்கல, நானும் சொல்லல, ஏன்னா அத ஒரு மருந்துன்னே என் மண்டையில ஏறல, தினமும் பல்லு விளக்குற மாதிரி ஆயிடுச்சு. விஷயம் என்னன்னா அதே எஸ்ட்ரோஜன் கார்ட்டிசால சுமக்குற புரோட்டீனையும் கல்லீரல்ல ஏத்தி விடும், மொத்த கார்ட்டிசால் கூடுனா மாதிரி ரிப்போர்ட் வரும். தைராய்டுலயும் டி4ங்கற ஹார்மோனோட மொத்த அளவு ஏறும், புரோட்டீன்ல ஒட்டாத ஃப்ரீ டி4 அப்படியே இருக்கும், அதனால ஃப்ரீ அளவதான் பாக்கணும். ஏற்கனவே தைராய்டு மாத்திரை போடுறவங்களுக்கு டோஸ் கூட்ட வேண்டி வரலாம். முட்டை இருப்பு பாக்குற ஏஎம்எச் டெஸ்ட்ல அளவு குறைஞ்சு காட்டும், நிறுத்தினா திரும்ப ஏறிடும், அத பாத்துட்டு குழந்தையே பொறக்காதோன்னு அழுதவங்கள எனக்குத் தெரியும்.

மோதல் விஷயத்துல, ரிஃபாம்பிசின், கார்பமசிபைன், ஃபெனிடாய்ன் மாதிரி டிபி, வலிப்பு மருந்துங்க இந்த மாத்திரைய வேலை செய்ய விடாது. சளிக்கு குடுக்குற சாதாரண ஆன்டிபயாட்டிக்னால பிரச்சனை இல்ல, வாந்தி பேதி ஆனா மட்டும் யோசிக்கணும். லாமோட்ரிஜின்ங்கற வலிப்பு மருந்து போடுறவங்களுக்கு கதை தலைகீழ், மாத்திரை அந்த மருந்தோட அளவ இறக்கிடும், வலிப்பு வரலாம்.

வெயிட் போடுமான்னு கேட்டா, ஆய்வுகள்ல இந்த மாத்திரையால பெரிய வெயிட் ஏத்தம் தெரியல. மூடு மாறுறது ஆளுக்கு ஆள் வேற, மூணு மாசம் பாத்துட்டு ஒத்துவரலன்னா மாத்திடுறதுதான் என் வழி. புற்றுநோய் பக்கம் லாபமும் நஷ்டமும் ரெண்டும் இருக்கு: ஓவரி, கர்ப்பப்பை உள்பூச்சு புற்று வர்றது குறையுது, நிறுத்தின பிறகும் பல வருஷம் அந்த பாதுகாப்பு நிக்குது. மார்பகப் புற்று மட்டும் கொஞ்சம் கூடுது, 2017ல டென்மார்க்ல 18 லட்சம் பெண்கள வச்சு வந்த ஆய்வுல ஹார்மோன் கருத்தடை எடுக்குற லட்சம் பேர்ல வருஷத்துக்கு கூடுதலா சுமார் 13 பேர்.

மறதிக்கு ஒரு வார்த்தை. அட்டை நடுவுல ஒண்ணு மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுக்கலாம், ஆனா ஏழு நாள் இடைவெளி முடிஞ்சு புது அட்டைய லேட்டா ஆரம்பிக்கிறதுதான் ஆபத்து, ஏன்னா அந்த ஏழு நாள்லயே எஃப்எஸ்எச் முழிச்சு முட்டைய வளர்க்க ஆரம்பிச்சிருக்கும், இன்னும் ரெண்டு நாள் குடுத்தா வேலைய முடிச்சிடும்.

ஒத்த ஹார்மோன் மாத்திரை

மினி பில்னு சொல்றது. எஸ்ட்ரோஜன் இல்லாததால மைக்ரேன்காரங்க, பால் குடுக்குறவங்க, பிபி உள்ளவங்களுக்கு பெரும்பாலும் இதுதான் வாசல். ஆனா எல்லா மினி பில்லும் ஒண்ணு இல்ல. பழைய நோரெத்திஸ்டிரோன் வகை கர்ப்பப்பை வாயில இருக்குற சளிய கெட்டியாக்கிதான் முக்கியமா வேலை செய்யும், பாதி மாசத்துல முட்டை வந்துட்டுதான் இருக்கும், அதனால மூணு மணி நேரம் தள்ளினாலே கணக்கு தப்பிடும். டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் வகை முட்டையையே நிறுத்திடும், 12 மணி நேரம் வரைக்கும் பொறுத்துக்கும். மறைமுக செலவு ரத்தம்தான், எப்போ வரும்னு சொல்லவே முடியாது, சிலருக்கு திட்டுத் திட்டா பத்து நாள், சிலருக்கு வரவே வராது. எஸ்எச்பிஜி ஏறாததால பருவுக்கு உதவாது, சிலருக்கு கூடவும் கூடும்.

மூணு மாச ஊசி

"எஸ்ட்ரோஜன் இல்ல, மூணு மாசத்துக்கு ஒரு தடவ, மறதி பிரச்சனை இல்ல"ன்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. 150 மி.கி. மெட்ராக்ஸிப்ரொஜெஸ்ட்ரோன். ஆனா நான் ஆரம்பத்துல சொன்ன ரெண்டாவது கேள்விய இதுகிட்டதான் கேக்கணும். டோஸ் பெருசு, ஓவரி நல்லா அடங்கிப்போகுது, சொந்த எஸ்ட்ரோஜன் இறங்குது, வெளிய இருந்தும் எஸ்ட்ரோஜன் வரல, அப்போ எலும்புக்கு யாரு காவல்? அதனால எலும்பு அடர்த்தி குறையுது, 2004ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு கடுமையான எச்சரிக்கை போட வச்சுது, ரெண்டு வருஷத்துக்கு மேல தொடரணும்னா வேற வழி இருக்கான்னு யோசிக்கச் சொல்லுது. நிறுத்தினா பெருமளவு எலும்பு திரும்பும், ஆனா எலும்பு இன்னும் கட்டிட்டு இருக்குற பதின்ம வயசுப் பொண்ணுங்களுக்கு இத முதல் தேர்வா நான் பாக்க மாட்டேன்.

வெயிட் ஏறுறது இதுல நிஜம். இன்னொண்ணு, போட்ட ஊசிய திரும்ப எடுக்க முடியாது, ஒத்துக்கலன்னாலும் மூணு மாசம் சகிச்சுக்கணும். கடைசி ஊசியில இருந்து கர்ப்பம் தரிக்க சராசரியா 10 மாசம் ஆகும், அடுத்த வருஷம் குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க இங்க கைய வைக்கவே வேணாம். அப்போ யாருக்குதான் நல்லது? வலிப்பு மருந்து போடுறவங்களுக்கு நல்ல வழி, மாத்திரை மாதிரி இது அந்த மருந்துகிட்ட தோத்துப்போறதில்ல. வீட்டுல யாருக்கும் தெரியாம பாதுகாப்பு வேணும்னு இருக்குறவங்களுக்கும்.

கையில வைக்கிற குச்சி

தீக்குச்சி அளவு, மேல்கையில தோலுக்கு அடியில, 68 மி.கி. எட்டோனோஜெஸ்ட்ரல், குறைஞ்சது மூணு வருஷம். முட்டை வராது, ஆனா ஊசி அளவுக்கு எஸ்ட்ரோஜன் இறங்காது, அதனால எலும்பு பயம் இல்ல. எடுக்கச் சொல்லி வர்றவங்க பெரும்பாலும் சொல்ற காரணம் தாறுமாறா வர்ற ரத்தம்தான்.

ஹார்மோன் லூப்பும் காப்பர் டியும்

ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, கர்ப்பப்பைக்குள்ள உக்காரும், ஆனா குணம் நேர் எதிர்.

ஹார்மோன் லூப்ல 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், ஆரம்பத்துல தினமும் 20 மைக்ரோகிராம் மாதிரி கசியும். பெரும்பகுதி வேலை கர்ப்பப்பைக்குள்ளயே முடிஞ்சிடுது, ரத்தத்துல போறது மாத்திரைய விட ரொம்ப கம்மி, பெரும்பாலான மாசம் முட்டை வந்துட்டுதான் இருக்கும். சுவாரசியம் என்னன்னா ஒரு வருஷத்துல அஞ்சுல ஒருத்தருக்கு பீரியட்ஸே நின்னுபோகும், உடனே "ஹார்மோன் செத்துப்போச்சு, மெனோபாஸ் வந்துடுச்சு"ன்னு பயம். அப்படி இல்ல, உள்பூச்சு மெலிஞ்சதால உதிர ஒண்ணும் இல்ல, ஓவரி அது பாட்டுக்கு எஸ்ட்ரோஜன் சுரந்துட்டு இருக்கு. முதல் மூணுல இருந்து ஆறு மாசம் ஸ்பாட்டிங், அதாவது சொட்டுச் சொட்டா ரத்தம், படுத்தும், அத தாண்டிட்டா பெரும்பாலானவங்களுக்கு நிம்மதி. ரொம்ப ரத்தம் போறவங்களுக்கு இது கருத்தடை மட்டுமில்ல, வைத்தியமும்தான்.

காப்பர் டி ஹார்மோன துளிகூட தொடாது, தாமிரம் விந்தணுவ செயலிழக்க வைக்கும், 380 வகை 10 வருஷம் ஓடும். அதனால இதுதான் சேஃப்னு நேரா முடிவு கட்டிடுறாங்க. ஆனா பீரியட்ஸ் கூடும், வலி கூடும், ஏற்கனவே ரத்தம் நிறைய போறவங்க, ஹீமோகுளோபின் கம்மியா இருக்குறவங்க இத வச்சுக்கிட்டா ஹார்மோன் நல்லா இருக்கும், ஆளு வெளுத்துப்போவாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்ப காட்டுற ஃபெரிட்டினும் ஒரு தடவ பாத்துடுங்க. லூப் எதுவா இருந்தாலும் சுமார் 20 பேர்ல ஒருத்தருக்கு தானா வெளிய வந்துடும், நூல் இருக்கான்னு பாக்கக் கத்துக்கணும்.

வாரத்துக்கு ஒரு மாத்திரை

சென்ட்குரோமன்னு சொல்ற ஆர்மலாக்ஸிஃபின், லக்னோல இருக்குற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடிச்சது. ஸ்டீராய்டு ஹார்மோனே கிடையாது. முட்டை வரும், ஹார்மோன் ஏறி இறங்கும், ஆனா கர்ப்பப்பையில எஸ்ட்ரோஜன் போய் உக்காருற இடத்த இது அடைச்சுக்கும், கரு ஒட்டிக்க தோதான பூச்சு உருவாகாது. முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. பீரியட்ஸ் தள்ளிப்போகும், அதுதான் இதோட தலைவலி, ஒவ்வொரு தடவையும் கர்ப்பமோன்னு டெஸ்ட் கிட் தேட வைக்கும். பிசிஓஎஸ் இருக்குறவங்களுக்கு இது சரிப்படாது.

இந்த லிஸ்ட்ல சேராத ரெண்டு

பீரியட்ஸ தள்ளிப்போட போடுற நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரைய நிறைய பேர் கருத்தடைன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க, அதுக்காக குடுக்குறது இல்ல அது. இன்னொரு விஷயம், அந்த டோஸ்ல தினமும் ரெண்டு மூணுன்னு போடுறப்போ அதுல ஒரு சின்ன பங்கு உடம்புக்குள்ள எத்தினைல் எஸ்ட்ரடியாலா மாறுது, அதாவது எஸ்ட்ரோஜன் கூடாதுன்னு சொன்னவங்க இதையும் கேட்டுட்டுதான் போடணும். எமர்ஜென்சி மாத்திரை 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், 72 மணி நேரத்துக்குள்ள, முட்டை வர்றத தள்ளிப்போடும், மாசா மாசம் அதையே நம்புறவங்களுக்கு பீரியட்ஸ் குழம்புறது மட்டும்தான் நிச்சயம்.

நான்னா எப்படி எடுப்பேன்

பரு, முடி, பிசிஓஎஸ் தொல்லை, வயசு 35க்குள்ள, சிகரெட் இல்ல, பிபி சரியா இருக்குன்னா ரெண்டு ஹார்மோன் மாத்திரை, முதல் தடவைன்னா லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையில ஆரம்பிப்பேன், பரு அடங்கலன்னா அப்புறம் மாத்தலாம். ஆனா பிசிஓஎஸ்ஸ இது மூடி வைக்கும், தீர்க்காது, நிறுத்தினா எல்லாம் திரும்ப வரும். கண்ணுல கோடு தெரியுற மைக்ரேன், பால் குடுக்குற காலம்னா டெசோஜெஸ்ட்ரல் மினி பில் இல்லன்னா ஹார்மோன் லூப். அஞ்சு வருஷத்துக்கு குழந்தை பேச்சே வேணாம், மறதியும் ஜாஸ்தின்னா குச்சியோ லூப்போ. ஹார்மோனே வேணாம், பீரியட்ஸ் ஏற்கனவே லேசுதான்னா காப்பர் டி, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே வராது. ஆறு மாசத்துல குழந்தைக்கு முயற்சி பண்ணப்போறோம்னா ஊசிய மட்டும் தவிர்த்துட்டு, அதுவரைக்கும் காண்டம்கூட போதும்.

நாப்பது தாண்டினவங்க கேக்குறது, மெனோபாஸ் வந்துடுச்சான்னு எஃப்எஸ்எச் டெஸ்ட் எடுக்கலாமான்னு. ரெண்டு ஹார்மோன் மாத்திரை போட்டுட்டே எடுத்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, எஃப்எஸ்எச்ச அமுக்கி வைக்கிறதுதானே அந்த மாத்திரையோட வேலை.